விண்ணப்பமும் வாய்மையும்

இல்லறம் என்பது இருவர் ஒருவரையொருவர் நம்பித் தொடங்கும் நெடும்பயணம். அந்நம்பிக்கைக்கு ஊரும் உறவும் சான்றாக நிற்க வேண்டும் என்பதற்காகவே திருமணத்தைப் பலர் அறிய நடத்துகின்றோம். மறைவில் நிகழும் காதலைக் களவு என்றும், பலரறிய நிகழும் மணவாழ்வைக் கற்பு என்றும் பழந்தமிழர் பிரித்து வைத்தனர். இன்றோ இவ்விரண்டிலும் அடங்காத புதியதொரு வகை தோன்றியிருக்கின்றது. மண்டபம் நிறைய உறவினர் கூடி வாழ்த்துகின்றனர்; பெயர் பொறித்த அழைப்பிதழ் வீடு வீடாகச் செல்கின்றது; ஆனால் அயல்நாட்டு அரசுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் மட்டும் மணமகன் ‘மணமாகாதவர்’ என்றே நீடிக்கின்றார். ஊரறிய மணம் முடித்து ஏட்டளவில் அதனை மறைக்கும் இச்செயல் அறத்திற்கு ஒத்ததா என்பதை நாம் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டில் பணிபுரியும் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. ‘பி.ஆர்.’ என்று அவர்கள் கூறும் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் காலமும், பெற்றோர் பெண் தேடும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. நல்ல வரன் அமைகின்றது; பாட்டியின் உடல்நிலை தளர்கின்றது; முகூர்த்தம் கைகூடுகின்றது; விடுப்போ மூன்றே வாரம். இந்நிலையில் குடும்பத்தின் முன் மூன்று வழிகள் நிற்கின்றன. உரிமை கிடைக்கும்வரை திருமணத்தை ஒத்திவைத்தல் ஒன்று. திருமணத்தை முடித்து அதனை உடனே அரசுக்குத் தெரிவித்தல் மற்றொன்று. முடித்துவிட்டுச் சொல்லாதிருத்தல் மூன்றாவது. முதலிரண்டும் வருத்தம் தருவன, ஆயினும் நேரியவை. மூன்றாவது எளிதாகத் தோன்றுவது. எளிதாகத் தோன்றுவதையே நாம் நன்கு ஆராய்தல் வேண்டும்.

கனடா நாட்டை எடுத்துக்கொள்வோம். 2002ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் குடிவரவுச் சட்டமும் விதிகளும் இது குறித்துத் தெளிவாகவே பேசுகின்றன. விண்ணப்பித்தபின் மணம் நிகழ்ந்தால் அதனைத் தெரிவித்தாக வேண்டும். விசா கையில் கிடைத்தபின் மணம் நிகழ்ந்திருந்தாலும், நிரந்தரக் குடியிருப்பாளராக ஏற்கப்படும் முன் அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். துணைவர் உடன் வராவிட்டாலும் அவர் பெயரைக் குறிப்பிட்டு, மருத்துவச் சோதனை முதலியவற்றிற்கு அவரை உட்படுத்த வேண்டும். அவ்வாறு குறிப்பிடாமல் விடப்பட்டவரைப் பின்னாளில் குடும்ப உறுப்பினர் என்ற வகையில் அழைத்துக்கொள்ள இயலாது என்று விதி 117 கூறுகின்றது. இத்தடைக்குக் கால வரையறை இல்லை. உண்மையை மறைத்தது வெளிப்பட்டால் விண்ணப்பதாரரே அந்நாட்டிற்குள் நுழைய இயலாதபடி ஐந்தாண்டுத் தடை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. 2014ஆம் ஆண்டுக்கு முன் இத்தடை இரண்டாண்டாக இருந்தது.

இதற்கு மாறாக, நிரந்தரக் குடியிருப்பாளராக ஏற்கப்பட்டபின் மணந்துகொள்பவர், அந்நாட்டில் வசித்துக்கொண்டே தம் துணைவரை முறைப்படி அழைத்துக்கொள்ளலாம். பிரிவுக்காலம் உண்டு, ஆனால் கதவு அடைபடுவதில்லை.

இவ்வளவு தெளிவாக இருந்தும் சிலர் மறைப்பதற்கு என்ன காரணம்? பெரும்பாலும் தீய எண்ணம் காரணமன்று. தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொள்ளும் சில வாதங்களே காரணம். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

“இன்னும் பதிவு செய்யவில்லையே! பதிவு செய்யாதவரை சட்டப்படி திருமணமே ஆகவில்லை” என்பது முதல் வாதம். இது அறியாமையால் எழுவது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் சமணருக்கும் பொருந்தும். இரு தரப்பாருள் ஒரு தரப்பாரின் வழக்கப்படியான சடங்குகளோடு நிகழும் மணம் அச்சட்டத்தின்படி செல்லத்தக்கது. பதிவு செய்யாமையால் மணம் செல்லாததாகிவிடாது என்றும் அச்சட்டமே கூறுகின்றது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டுமென விதித்துள்ளது. எனவே பதிவைத் தள்ளிப்போடுவதால் மணம் தள்ளிப்போவதில்லை; மற்றொரு கடமை தவறுகின்றது, அவ்வளவே. மணம் நிகழ்ந்த இடத்தின் சட்டப்படி செல்லுமா என்பதையே கனடாவும் முதலில் நோக்குகின்றது. தாலி ஏறிய நாளன்றே விண்ணப்பத்திலுள்ள ‘மணமாகாதவர்’ என்னும் சொல் பொய்யாகிவிட்டது. நிச்சயதார்த்தம் அவ்வாறன்று. நிச்சயித்து வைத்திருப்பவர் தம்மை மணமாகாதவர் என்று சொன்னால் அது முழு உண்மை. இவ்வேறுபாட்டைப் பெரியோர் உணர்ந்திருத்தல் நலம்.

“இதனால் யாருக்கு என்ன கேடு? ஒரு கட்டத்தில் குறியிடுவதுதானே!” என்பது இரண்டாம் வாதம். பள்ளி வருகைப் பதிவேட்டை நெடுங்காலம் கையாண்ட நமக்கு இவ்வாதம் பொருந்துவதாகத் தோன்றவில்லை. வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தையை ‘வரவில்லை’ என்று குறித்தால், பிழை ஏட்டோடு நின்றுவிடுமா? அக்குழந்தைக்கன்றோ அது சேர்கின்றது? உதவித்தொகை பெறுவதற்கும் தேர்வு எழுதுவதற்கும் அவ்வருகையே அடிப்படை. அதுபோலவே ‘மணமாகாதவர்’ என்னும் சொல் மணமகனைப் பற்றியது மட்டுமன்று. ‘எனக்கு மனைவி என்று ஒருத்தி இல்லை’ என்று அது கூறுகின்றது. சொல்பவர் ஒருவர், இல்லையென்று ஆக்கப்படுபவர் வேறொருவர்.

இதன் விளைவைக் காட்டும் வழக்கு ஒன்று கனடாவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நடந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த ஒரு பெண்மணி 1993ஆம் ஆண்டில் கனடாவில் குடியேறினார். தாம் மணமாகாதவர் என்றும், உடன்வரும் மகளைத் தவிரத் தம்மைச் சார்ந்தோர் வேறு எவருமிலர் என்றும் அதிகாரியிடம் கூறியிருந்தார். தந்தையிடம் வளர்ந்த தம் இரு புதல்வர்களைக் குறிப்பிடவில்லை. பல்லாண்டுகளுக்குப்பின் அவர்களை அழைக்க முயன்றபோது அவ்விதி குறுக்கே நின்றது. 2005ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கருணை அடிப்படையில் அரசிடம் வேண்டுவதற்குத் தனி வழி இருப்பதையும் சுட்டிக்காட்டியது. சொன்னவர் தாய், தாயைப் பிரிந்திருக்க நேர்ந்தவர்களோ ஒன்றுமறியாத பிள்ளைகள். சொல்லின் கனியை உண்பவர் எப்போதும் சொன்னவரே அல்லர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மூன்றாம் வாதம் சற்று வலியது. “சட்டமே கொடிது, கொடிய சட்டத்திற்கு உண்மை சொல்ல வேண்டுமா?” என்பர். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. ஒருமுறை மறைத்ததற்காக உறவைக் காலமெல்லாம் மறுப்பது மிகையான தண்டனை என்று அந்நாட்டிலேயே பலர் வாதாடி வந்தனர். அதன் பயனாக 2019ஆம் ஆண்டு செப்டம்பரில், அகதிகளாக வந்தோர், குடும்பத்தாரால் அழைக்கப்பட்டு வந்தோர் முதலிய சிலருக்கு அத்தடையைத் தளர்த்தும் தற்காலிக ஏற்பாடு தொடங்கப்பட்டது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் தகுதி இழந்திருக்கமாட்டார் என்பவருக்கே அத்தளர்வு. உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர் அச்சத்தால் மறைத்ததையும், வளமான வாழ்வை நாடிச் செல்பவர் வசதிக்காக மறைப்பதையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தலாகாது என்பதை அவ்வேற்பாடே உணர்த்துகின்றது. நம் பிள்ளைகள் செல்வது கல்விக்கும் பணிக்கும். அவர்களை எவரும் துரத்தவில்லை. விரும்பிச் சென்று ஒரு வீட்டின் கதவைத் தட்டுபவர், அவ்வீட்டார் கேட்கும் கேள்விக்கு உண்மை விடை தருதல் கடமையாகும்.

மறைப்பதற்கான தூண்டுதல் விதிகளிலேயே பொதிந்திருப்பதையும் மறுப்பதற்கில்லை. 2015ஆம் ஆண்டில் கனடா தொடங்கிய ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்னும் முறையில் வயது, கல்வி, மொழித்திறன், அனுபவம் ஆகியவற்றிற்கு மதிப்பெண் தரப்படுகின்றது. 20 முதல் 29 வயதுவரை உள்ளவர் தனியராயின் வயதுக்கு 110. துணைவர் உடன் வருவதாயின் 100. இவ்வாறு குறைவனவற்றைத் துணைவரின் மொழித்திறனும் கல்வியும் கனடா நாட்டுப் பணி அனுபவமும் கொண்டு ஈடுசெய்யலாம் என்றாலும், எல்லோருக்கும் அது கைகூடாது. எனவே மனைவியின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு, ‘உடன் வரமாட்டார்’ என்று எழுதுவோரும் உளர். உண்மையிலேயே அவர் பின்னர்தான் வருவார் எனின் அதில் குற்றமில்லை. அடுத்த விமானத்திலேயே அழைத்துக்கொள்ளும் எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அவ்வாறு எழுதுவது, எழுத்து மெய்யாயிருக்க எண்ணம் பொய்யாவதாகும்.

இல்லறத்தாருக்குரிய வாய்மை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை நம் ஆசாரிய நூல்கள் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று, பொய் ஆவணம் எழுதுதலாகிய கூடலேகம். வாயால் சொல்லும் பொய்யோடு நில்லாமல் ஏட்டில் எழுதும் பொய்யையும் தனியே எடுத்துரைத்தனர் என்பது எண்ணத்தக்கது. வாயால் சொன்னது காற்றோடு கலக்கலாம். எழுதியது நம் பெயரைத் தாங்கிப் பல்லாண்டு நிற்கும்.

“அப்படியாயின் காத்திருப்பதே அறமோ?” என்று கேட்கலாம். அன்று. காத்திருத்தல் தன்னளவில் அறமுமன்று, குற்றமுமன்று. சட்டத்துக்குச் சட்டம் அதன் பயன் மாறுகின்றது. அமெரிக்காவில், நிரந்தரக் குடியிருப்பாளர் ஒருவர் 21 வயது நிறைந்த தம் மணமாகாத மகனுக்கோ மகளுக்கோ விண்ணப்பித்திருந்தால், அம்மகனோ மகளோ மணந்த உடனே அவ்விண்ணப்பம் வீழ்ந்துவிடுகின்றது. பல்லாண்டு நீளும் அவ்வரிசையில் நின்று இளமையைக் கழிப்போர் படும் துயரம் உண்மையானது. அதே நாட்டில் பணியின் வழியாக உரிமை பெறுபவருக்கோ நிலைமை தலைகீழ். உரிமை கிடைக்கும்முன் மணந்திருந்தால் அவருடைய துணைவர் அதே விண்ணப்பத்தைச் சார்ந்து பின்தொடரலாம். கிடைத்தபின் மணந்தால் தனி விண்ணப்பம் இட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே, அவசரமும் பொறுமையும் அந்தந்தச் சூழலைக் கண்டு தீர்மானிக்கத்தக்கவை. மாறாதிருக்க வேண்டியது ஒன்றே: எதைச் செய்தோமோ அதையே சொல்லுதல்.

இங்கே நாம் பெரிதும் வலியுறுத்த விரும்புவது மணமகளின் உரிமையைத்தான். விண்ணப்பம் மணமகனுடையது, கணினியும் கடவுச்சொல்லும் அவரிடம், ஆலோசனை பெரியோரிடையே. பெண்ணுக்குச் சொல்லப்படுவதோ, “ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்வார்” என்னும் ஒரு வாக்கியம். அவள் வேலையை விட்டுவிட்டுப் புகுந்த வீட்டில் காத்திருக்கின்றாள். தன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை என்பதை அவள் அறியாள். பின்னர் அறிய நேரும்போது இழப்பு விசா மட்டுமன்று. ‘என்னை இல்லையென்று எழுதினவரோடு வாழ்கின்றேன்’ என்னும் எண்ணம் உள்ளத்தில் முள்ளாகத் தைத்துவிடும். அம்முள்ளை எந்த நாட்டு அரசும் எடுத்துவிட இயலாது. மணமகள் வெளிநாட்டில் இருந்து மணமகன் இங்கே காத்திருக்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

எனவே சம்பந்தி பேசும் நாளிலேயே, நிச்சயதார்த்தத்திற்கு முன்பாகவே, விண்ணப்பத்தின் நிலையை இரு வீட்டாரும், குறிப்பாக மணமக்கள் இருவரும், ஒளிவுமறைவின்றிப் பேசிக்கொள்ள வேண்டும். எந்த வகையில் விண்ணப்பித்துள்ளார்? இப்போது மணந்தால் என்ன ஆகும்? பின்னர் மணந்தால் எத்தனை காலம் பிரிந்திருக்க நேரும்? மணமான செய்தியைத் தெரிவிக்கும் பொறுப்பு யாருடையது? தெரிவித்ததற்கான சான்றைப் பெண்ணும் காண இயலுமா? சீர்வரிசையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம் இவற்றிற்கும் ஒரு நாழிகை ஒதுக்கலாகாதா? ஐயம் எழுந்தால் பக்கத்து வீட்டார் அனுபவத்தை நம்பாமல், தகுதி பெற்ற குடிவரவு வழக்கறிஞரை அணுகுதல் வேண்டும். ஒருவருக்குப் பொருந்திய வழி மற்றவருக்குப் பொருந்தாது.

பெரியோர்க்கும் ஒரு சொல். பேரன் திருமணத்தைக் கண்ணாரக் காண வேண்டும் என்னும் நம் ஆசை இயல்பானதே. ஆனால் அவ்வாசையின் விலையை இளையவர் ஒரு பொய்யால் செலுத்துமாறு செய்யலாகாது. “இப்போது முடித்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று நாம் சொல்லும் சொல்லே பல வேளைகளில் அவர்களைத் தடுமாறச் செய்கின்றது. மாறாக, “மணம் செய்துகொள், உடனே தெரிவித்துவிடு, தாமதமானால் பொறுத்துக்கொள்வோம்” என்றோ, “நிச்சயம் செய்து வைப்போம், உரிமை கிடைத்தபின் மணம் முடிப்போம்” என்றோ சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். மதிப்பெண் குறைந்து வாய்ப்பே நழுவினாலும், அதனால் குடும்பம் தாழ்ந்துவிடாது.

அயல்நாட்டில் வாழும் உரிமை ஒரு நன்மை, மறுப்பதற்கில்லை. ஆயினும் அதைவிடப் பெரிய நன்மை, நாம் எழுதிய எந்தத் தாளையும் நம் வாழ்க்கைத் துணையின் முன் விரித்துவைக்க அஞ்சாத நிலை. விண்ணப்பத்தில் கையொப்பமிடும் ஒவ்வோர் இளைஞரும், அதனை அனுப்புமுன் தம் துணைவரிடமோ துணைவராக வரப்போகின்றவரிடமோ ஒருமுறை படித்துக் காட்டுவாராக. படித்துக் காட்ட இயலாத வரி ஒன்று அதில் இருக்குமாயின், அதனைத் திருத்திய பின்னரே அனுப்புவாராக.