தலித்தா கூம்: நம் வாயில் தங்கிய வேற்றுமொழிச் சொற்கள்



தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் வீட்டைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை இறந்து கிடக்கிறாள். முற்றத்தில் ஒப்பாரி. இயேசு வெளியாட்களை அப்புறப்படுத்திவிட்டு, தாய் தந்தையரையும் இராயப்பர், யாகப்பர், அருளப்பர் ஆகிய மூவரையும் மாத்திரம் அழைத்துக்கொண்டு அறைக்குள் போகிறார். பிள்ளையின் கையைப் பிடித்து இரண்டே இரண்டு சொல் சொல்கிறார்: தலித்தா கூம்.

புனித மாற்கு தமது நற்செய்தியைக் கிரேக்க மொழியில் எழுதினார். அதை வாசித்தவர்களிற் பெரும்பாலோருக்கு இயேசு பேசிய அரமேய மொழி தெரியாது. ஆகவே சிறுமியை எழுந்திருக்கச் சொல்வதே அதன் பொருள் என்று பக்கத்திலேயே விளக்கமும் எழுதவேண்டி இருந்தது. பொருளை மட்டும் எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்குமே! மத்தேயுவும் லூக்காவும் இதே நிகழ்ச்சியைச் சொல்லும்போது அந்த இரண்டு சொற்களையும் விட்டுவிட்டார்கள். மாற்கு விடவில்லை. காது கேளாதவனிடம் ஆண்டவர் சொன்ன எப்பத்தா, ஒலிவத் தோட்டத்தில் பிதாவை அழைத்த அப்பா, சிலுவையில் கதறிய எலோயி ஆகியவற்றையும் கேட்ட ஒலியிலேயே வைத்தார்.

ஏன்? மாற்கு இராயப்பரின் மொழிபெயர்ப்பாளராய் இருந்தவர் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே பாப்பியாஸ் என்ற ஆயர் சொல்லிவைத்திருக்கிறார். மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்டவர் சில சொற்களில் மாத்திரம் கையை எடுத்துவிட்டார். அந்த அறைக்குள் நின்ற இராயப்பர், கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்துக்கு வந்ததும் தம் ஆண்டவரின் குரலிலேயே சொல்லியிருப்பார். வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அப்போஸ்தலர் பணியில் 9ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யோப்பா பட்டணத்தில் இறந்து கிடந்த தபித்தா என்ற பெண்ணை இராயப்பர் எழுப்புகிறார். எல்லாரையும் வெளியே அனுப்புகிறார், அவள் பெயரைச் சொல்லி எழுந்திருக்கச் சொல்கிறார். அதை அரமேயத்தில் சொல்லிப் பாருங்கள்: தபித்தா கூம். ஓர் எழுத்துத்தான் வேறுபாடு! யாயிரின் வீட்டில் காதில் விழுந்தது, யோப்பாவில் வாயில் வந்தது.

வேற்றுமொழிச் சொல் ஒருவர் வாயில் தங்குவது படிப்பினால் மாத்திரம் அன்று. யாரோ ஒருவரின் குரலோடு அது வந்து சேர்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு நம்முடைய வன்னிக்கு, ஒட்டுசுட்டானுக்கு, வாருங்கள்.

ஒட்டுசுட்டான் என்பது கலப்பில்லாத தமிழ்ப் பெயர். அறுவடைக்குப்பின் நின்ற ஒட்டைச் சுட்ட இடம் என்று தான்தோன்றீஸ்வரர் கோயில் வரலாற்றோடு சேர்த்து ஊரார் சொல்வார்கள். ஆனால் அந்த ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் போர்த்துக்கீசர் நின்று வரவேற்கிறார்கள். விறாந்தை, யன்னல், கதிரை, மேசை, அலுமாரி, சாவி, குசினி, அங்கே சுடச்சுடப் பாண். கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்தர் விட்டுப்போனவை. நத்தார் என்ற பெயரே போர்த்துக்கீசம்தான். பிறப்பு என்று பொருள். சந்தியோகுமையோர் என்று நாம் நாவினிக்கச் சொல்லும் புனிதரின் பெயரை அவிழ்த்தால், பெரிய யாகப்பர் என்ற போர்த்துக்கீசச் சொற்றொடர் வெளியே வரும். இவற்றைக் கொண்டுவந்தவர்கள் நம்மீது அன்பு மேலிட்டு வந்தவர்கள் அல்லர். ஆயினும் சொற்கள் பகையை மறந்துவிட்டன. கதிரையில் இருப்பவன் எவனும் கப்பித்தானை நினைப்பதில்லை.

இப்படிச் சொல்லின் வேரைத் தேடிப் போவதில் நம் மறைமாவட்டத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) பல மொழிகளைக் கற்றவர். தமிழுக்குச் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி ஒன்றை 1938இல் வெளியிடத் தொடங்கியவர். இன்று சிலர் அரமேயத்தில் அப்பா என்றால் அப்பாதான் என்று கண்டவுடன் இயேசுநாதரையே தமிழராக்கிவிடப் பார்க்கிறார்கள். ஓர் ஒலி ஒற்றுமையை வைத்துக்கொண்டு சம்பந்தம் பேசக்கூடாது. வன்னியில் பழைய ஆட்கள் தகப்பனை ஐயா என்றும் அப்பு என்றுமல்லவா அழைத்தார்கள்!

சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், எல்லாருக்கும் தெரிந்த ஒன்றையே சொல்வேன்: ஆமென். எபிரேயம். உறுதியாய் நிற்பது, நம்பிச் சாயக்கூடியது என்பது அதன் வேர்ப்பொருள். கிரேக்கர் அதை மொழிபெயர்க்கவில்லை, உரோமர் மொழிபெயர்க்கவில்லை, நாமும் மொழிபெயர்க்கவில்லை. கொழும்பில் சிங்களப் பூசைக்குப் போனாலும் அதே சொல். முல்லைத்தீவில் முஸ்லிம் சகோதரர் ஆமீன் என்கிறார்கள். பள்ளிக்கூட வாசலை மிதியாத நம் பூட்டிமார், எபிரேயம் என்ற பெயரையே கேள்விப்படாமல், அந்த மொழியில் நாளுக்குப் பத்துத் தடவை பேசினார்கள். மடியில் இருந்த பிள்ளை அந்த வாயைப் பார்த்துப் பார்த்துத் தானும் சொல்லப் பழகியது.

ஆனால் எல்லாச் சொல்லும் மடியிலிருந்து வருவதில்லை. ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் பிரித்தானிய ஆட்சியில் நாட்டிய கல்லை அறிவீர்கள். 1803ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த செய்தியை அதில் ஆங்கிலத்தில் பொறித்தார்கள். அந்தக் காலத்தில் அக்காட்டு வழியே போன உழவர்களில் எத்தனைபேர் அதை வாசித்திருக்க முடியும்? வாசிக்க முடியாவிட்டாலும், வென்றவன் யார் என்பது கல்லைப் பார்த்தவுடன் விளங்கியிருக்கும். பிலாத்து சிலுவையின்மேல் வைத்த பலகையும் அப்படித்தான். எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என்று மும்மொழியில் எழுதப்பட்டது என அருளப்பர் குறிக்கிறார். மூன்று மொழியும் இருந்தது, அன்பு இல்லை.

வன்னிக்கு வந்த இன்னோர் எபிரேயச் சொல்லைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதி முடிக்க என்னால் இயலாது. அதை உங்களில் பலர் ஆமெனைவிட அதிகமாகச் சொல்லியிருப்பீர்கள்: கிபிர். இஸ்ரவேல் நாட்டில் செய்த அந்தப் போர்விமானங்களை இலங்கை விமானப்படை 1996இல் சேர்த்துக்கொண்டது. அன்றிலிருந்து 2009 மே மாதம் வரை, பேசப் பழகும் குழந்தைகூட அம்மா என்ற சொல்லோடு சேர்த்து அந்தச் சொல்லையும் பழகியது. சத்தம் கேட்டவுடன் “கிபிர், கிபிர்” என்று கத்திக்கொண்டு பங்கருக்குள் குதித்த பிள்ளைகள் இன்று தாய்தகப்பன் ஆகிவிட்டார்கள்.

அச்சொல்லுக்கு எபிரேயத்தில் இளஞ்சிங்கம் என்று பொருள். வேதாகமச் சொல்தான். இரைக்காகக் கர்ச்சித்து இறைவனிடம் உணவு கேட்கும் இளஞ்சிங்கங்களைப் பற்றி 104ஆம் சங்கீதம் பாடுகிறது. அங்கே இருப்பது இந்தச் சொல். அதைவிட ஒன்று உண்டு. பங்கருக்குள் மண் உதிர உதிரப் பலர் சொல்லிக்கொண்டிருந்த 91ஆம் சங்கீதம் நினைவிருக்கிறதா? பகலில் பறக்கும் அம்புக்கும் இரவின் பயங்கரத்துக்கும் அஞ்சவேண்டாம் என்று கூறும் செபம். அதன் 13ஆம் வசனத்தில், இறைவனை நம்பியவன் காலின்கீழ் மிதிபடும் மிருகங்களுள் ஒன்று இளஞ்சிங்கம். எபிரேய மூலத்தில் அங்கே எழுதியிருப்பது கிபிர் என்ற சொல்லேதான்.

இதைக் கேட்டு, அப்படியானால் அந்த வாக்கு நமக்குப் பலித்ததா என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குச் சங்கீதத்தின் மூலமொழியை எடுத்துக் காட்டுவது ஆறுதல் ஆகாது. அதற்காக இதை எழுதவுமில்லை. அந்தத் தாய் அன்றும் அதைச் சொன்னாள், இன்றும் சொல்கிறாள். அவளுக்கு நான் கற்பிக்க எதுவுமில்லை. மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரே மொழியிலிருந்து இரண்டு சொற்கள் நம் ஊருக்கு வந்தன. ஒன்றைப் பூட்டி தந்தாள். மற்றது வானத்திலிருந்து விழுந்தது. 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குச் செல், பங்கர், கிபிர் எல்லாம் தெரிந்திருக்கின்றன. நடந்ததை மறைக்கவேண்டாம், அவர்கள் அறியவேண்டும். ஆனால் நம்மிடமிருந்து அவர்கள் வாய்க்குப் போகும் சொற்களில் அவை மாத்திரம் கூர்மையாகவும், செபத்தின் சொற்கள் மழுங்கியும் இருக்கின்றனவே, அது ஏன்? கிபிரைச் சொல்லும்போது நம் குரல் மாறுகிறது. ஆமெனைச் சொல்லும்போது மாறுகிறதா?

இனி மற்றக் கவலை. ஒட்டுசுட்டானில் பிள்ளைகள் கடல்கடந்து போகாத வீடுகள் குறைவு. ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், சுவிஸ். அங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள் இல்லை என்று இங்குள்ள பெரியவர்கள் நொந்துகொள்கிறார்கள். அண்மையில் அந்தப் பக்கத்து வீடொன்றில் ஓர் அம்மா, பாரிசில் இருக்கும் பேரனோடு கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய பனங்கட்டி போய்ச் சேர்ந்திருந்தது. பேரன் “மெர்சி அம்மம்மா” என்றான். அவரோ, “ஆர் மேர்சி? அவள் இஞ்ச இல்லையே ராசா” என்றார். மேர்சி என்பது அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயர்! மகள் சிரித்துச் சிரித்து விளக்கினாள். உண்மையில் அம்மா அதிகம் பிழைக்கவுமில்லை. பிரெஞ்சுக்காரரின் மெர்சியும், இரக்கம் என்று நாம் பெண்பிள்ளைகளுக்கு இடும் மேர்சியும் ஒரே இலத்தீன் வேரில் பிறந்த சகோதரிகள்.

அதன்பிறகு அந்த அம்மா ஒவ்வொரு அழைப்பிலும் மெர்சி சொல்கிறாராம். அவருக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல், உச்சரிப்புச் சரியில்லை, பேரனுக்கோ அது கொண்டாட்டம். நம்மவரிடம் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் நன்றி சொல்லும் வழக்கம் இல்லை, சொன்னால் அந்நியமாகப் படும். அந்தக் கூச்சத்தை வேற்றுமொழிச் சொல் ஒன்று நீக்கிவிட்டது. திருப்பலிக்குக் கிரேக்கர் இட்ட பெயருக்கும் நன்றி செலுத்துதல் என்றே பொருள். இன்றைக்கும் ஏதென்சில் கடைக்காரனிடம் மீதிச் சில்லறை வாங்குபவர் அதே வேரில் வந்த சொல்லால் நன்றி சொல்கிறார்.

இன்னொன்றையும் அந்த அம்மா கவனித்திருக்கமாட்டார். பேரன் தன் தாயிடம் பிரெஞ்சில் மளமளவென்று பேசும்போதும் நடுவில் ‘அம்மம்மா’ என்ற ஒரு சொல் மாறாமல் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிரெஞ்சில் சொல் இல்லாமலா? இருக்கிறது. அவன் வேறு பாட்டிகளை அந்தச் சொல்லால் அழைப்பான். இவரை அழைக்க அது போதாது. மாற்கு தம் கிரேக்கத்தின் நடுவே தலித்தா கூமை வைத்ததுபோல அவன் பிரெஞ்சின் நடுவே அம்மம்மாவை வைத்திருக்கிறான். கலாத்தியருக்கும் உரோமருக்கும் கிரேக்கத்தில் எழுதிய சின்னப்பர், இறைவனைக் கூப்பிடும் இடத்துக்கு வந்ததும் அப்பா என்ற அரமேயச் சொல்லைத்தான் எழுதினார்.

ஆகவே பெரியவர்களே, பேரப்பிள்ளைகளைத் தமிழ்ச் சோதனைக்கு இருத்தவேண்டாம். “ஒரு சொல்லும் தெரியாது” என்று அவர்கள் முன்னிலையில் பெற்றோரைக் கடிந்தால், அடுத்தமுறை அந்தப் பிள்ளை தொலைபேசிக்கு வராது. உங்கள் வாயிலிருந்து ஒரு சொல்லை அன்போடு கொடுங்கள். அவர்கள் சொல்லில் ஒன்றை வாங்குங்கள். பெற்றோரே, தமிழ் கற்பிக்கும் கடமை உங்களுடையது. நேரமில்லை என்று அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

அயலவரின் மொழிக்கும் இது பொருந்தும். சிங்களத்தில் நன்றிக்கு ஸ்தூதி என்பார்கள். கூர்ந்து பார்த்தால் நம்முடைய துதியும் தோத்திரமும் அதன் உடன்பிறப்புக்கள். மூன்றும் வடமொழி வேரொன்றில் கிளைத்தவை. கந்தோரிலும் சோதனைச் சாவடியிலும் பயத்தோடு கற்ற சிங்களம் நமக்குக் கசக்கிறது. அது நியாயமே, அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் கொங்கணி பேசிய கோவைப் புனிதர் யோசேவ் வாஸ் 1687இல் ஒல்லாந்தருக்கு ஒளித்து இலங்கைக்கு வந்து, தமிழையும் கற்று, சிங்களத்தையும் கற்று, இரு சாராரின் பாவசங்கீர்த்தனத்தையும் அவரவர் மொழியில் கேட்டார் என்பதை நாம் அறிவோம்.

இன்றிரவு குடும்பச் செபத்தின்போது வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால் துண்டித்துவிடாதீர்கள். பேரப்பிள்ளைக்குத் தெரிந்த மொழியில், பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ யேர்மனியிலோ, பரலோக மந்திரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்காது; இடையில் தடக்கினாலும் திருத்தமுடியாது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருங்கள். அது முடியும் இடத்தை நீங்கள் கண்டுகொள்வீர்கள். அங்கே அவன் சொல்லும் ஆமெனை நீங்களும் சேர்ந்து சொல்லலாம்.