உறங்கும் குழந்தையும் விழித்திருக்கும் கடமையும்

பகல் முழுவதும் தாய் தன் குழந்தையை எத்தனையோ முறை பார்க்கிறாள். அப்போதெல்லாம் குழந்தையும் அவளைப் பார்க்கிறது; சிரிக்கிறது, அடம்பிடிக்கிறது, கேட்கிறது, கோபித்துக்கொள்கிறது. இரவில் அவள் பார்க்கும் ஒரு பார்வை மட்டும் வேறு வகையானது. அதற்கு எதிர்ப்பார்வை இல்லை. தான் பார்க்கப்பட்டது குழந்தைக்குத் தெரியாது. மறுநாள் யாரும் அதைச் சொல்வதுமில்லை.

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் மலைப்பாதையில் உள்ள ஊர் ஏலப்பாறை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து மலையேறிய தொழிலாளர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே லயங்களில் வாழ்கின்றனர். ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பிரிக்கப்பட்ட சிறு வீடுகளே லயம். 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. கூலி நின்றது, குடியிருப்பவர்கள் மட்டும் நின்றார்கள். பழைய கூரைகளைப் பழுதுபார்க்க ஆளில்லை. தென்மேற்குப் பருவமழை இறங்கும் இரவுகளில், கொழுந்து கிள்ளி ஓய்ந்த கைகள் நடுநிசியில் விழித்துக்கொள்கின்றன. ஒழுகும் இடத்தை விட்டுப் பாயைச் சற்று நகர்த்துகின்றன. விலகிய கம்பளியை இழுத்துப் போர்த்துகின்றன. பிஞ்சுப் பாதம் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கின்றன. பிறகு விளக்கு அணைகிறது.

மாளிகையிலும் இதே காட்சிதான். கதவைச் சிறிது திறந்து, ஓசைப்படாமல் எட்டிப் பார்த்துத் திரும்பும் தந்தையர் எல்லா நாடுகளிலும் உண்டு. இத்தனை எளிய செயலில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? ஆராய்ந்தால், அன்பு என்பது யாது, கடமை எதுவரை செல்கிறது என்ற இரு பெரிய வினாக்களும் இதற்குள் ஒடுங்கியிருப்பது தெரியவரும்.

பயமா, பற்றா, அன்பா?

முதலில் இதில் பயம் இருக்கிறது. திருவள்ளுவர் நிலையாமையைப் பேசுமிடத்தில் உறக்கத்தைச் சாவுக்கும், உறங்கி விழிப்பதைப் பிறப்புக்கும் ஒப்பிட்டார். நூல் கல்லாத தாயும் இந்த ஒப்புமையை உள்ளூர அறிவாள். அதனால்தான் அவள் கண் முதலில் குழந்தையின் முகத்திற்குச் செல்வதில்லை. மூச்சில் ஏறி இறங்கும் மார்புக்குச் செல்கிறது.

இரண்டாவதாகப் பற்றும் இருக்கிறது. ‘என் குழந்தை’ என்னும் மமகாரம் அந்தப் பார்வையிலும் கலந்திருக்கும். உறங்கும் குழந்தையை உற்றுப் பார்த்து ரசிக்காதே, கண்பட்டுவிடும் என்று பாட்டிமார் எச்சரிப்பது வழக்கம். அதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதற்கு முன் அதிலுள்ள ஒழுக்கத்தையும் எண்ணிப் பார்க்கலாம். காப்பதற்காகப் பார், உடைமையாகக் கருதிப் பூரித்து நிற்காதே என்பதே அதன் சாரம்.

பயமும் பற்றும் மட்டுமே என்றால் இதில் ஆன்மிகப் பயன் ஏதுமில்லை. கோழியும் தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொள்கிறது. ஆனால் மனிதத் தாயின் இந்தச் செயலில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதைக் காண உறக்கத்தின் இயல்பைச் சிறிது நோக்க வேண்டும்.

உறக்கத்தில் உறவு ஏது?

பிருகதாரண்யக உபநிடதத்தின் நான்காம் அத்தியாயத்தில் யாக்ஞவல்கியர் ஜனக மன்னருக்கு ஆழ்ந்த உறக்கத்தின் நிலையை விளக்குகிறார். அந்த நிலையில் எல்லா அடையாளங்களும் நழுவிவிடுகின்றன; தந்தைக்குத் தந்தை என்ற தன்மையும் தாய்க்குத் தாய் என்ற தன்மையும்கூட அங்கே இல்லை என்பது அவர் உபதேசம்.

இதை உறங்கும் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்கலாம். கனவற்ற உறக்கத்தில் ஆழ்ந்த அந்த நேரத்தில் அதற்குப் பெயரில்லை, வீடில்லை, தாயுமில்லை. தாய்க்கோ குழந்தை இருக்கிறது. உறவு என்பது இருவர் பிடிக்கும் கயிறு என்றால், ஒரு முனை அப்போது தளர்ந்து கிடக்கிறது. மறு முனையை விடாமல் பிடித்திருப்பவள் விழித்திருக்கும் ஒருத்தி மட்டுமே.

பகலில் காட்டும் அன்புக்கு உடனுக்குடன் கூலி கிடைக்கிறது. ஊட்டிய சோற்றுக்கு ஒரு புன்னகை, தூக்கியதற்கு ஓர் அணைப்பு. பெற்றோர் அதை எதிர்பார்த்துச் செய்வதில்லை என்றாலும், கிடைப்பதை மனம் கணக்கில் வைத்துக்கொள்கிறது. இரவில் இழுத்துப் போர்த்திய கம்பளிக்கு எந்தக் கணக்கும் இல்லை. நன்றி வராது, நினைவும் எஞ்சாது, சான்று சொல்ல ஒருவரும் இல்லை. பலனை எதிர்நோக்காத கர்மம் நடைமுறையில் சாத்தியமா என்று வினவும் சாதகன், அதற்கான பயிற்சி ஒவ்வொரு வீட்டிலும் தினந்தோறும் நடப்பதைக் காணலாம். நிஷ்காம கர்மம் என்ற சொல்லை ஒருபோதும் கேட்டிராதவர்கள் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பார்வை காக்குமா?

இதுவரை சொன்னது இனிமையானது. இனி வருவது கடினமானது.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு. அதே இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றை அடுத்த ராஜமலைப் பகுதியிலுள்ள பெட்டிமுடி. ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இரவு பதினொரு மணிக்குச் சற்று முன்னர் மலைச்சரிவு பெயர்ந்து இறங்கி, தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. மின்சாரமில்லை, தொலைபேசித் தொடர்பில்லை. வெளியுலகுக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில்தான். 66 உடல்கள் மீட்கப்பட்டன. 4 பேர் கிடைக்கவேயில்லை. மாண்டவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தினர். குழந்தைகளும் பலர்.

மலையில் எல்லோரும் விரைவில் உறங்கச் செல்வார்கள். அக்குழந்தைகளுக்கும் அன்றிரவு யாரோ போர்த்திவிட்டிருப்பார்கள். பாதத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அந்தப் பார்வை மலையை நிறுத்தவில்லை. அப்படியானால் அதற்கு என்ன பொருள்?

இந்த வினாவுக்கு இரண்டு தவறான விடைகள் எளிதில் கிடைக்கின்றன. ஒன்று, எல்லாம் பிராரப்தம். மனிதன் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பது. மற்றொன்று, காப்பாற்ற முடியாத பார்வை வீண் என்பது.

முதல் விடையைச் சாஸ்திரமே ஏற்காது. முன்வினை வந்து சேருவதைப் பேசும் அதே நூல்கள்தாம், செய்ய வேண்டியதைச் செய்யாதிருப்பதும் குற்றம் என்கின்றன. உலக அனுபவமும் இதற்குச் சான்று. மேலைநாடுகளில் நோய்க்குறி ஏதுமின்றிக் கைக்குழந்தைகள் உறக்கத்திலேயே இறந்துபோவது நெடுநாளாக விளங்காத துயரமாக இருந்தது. குப்புறப் படுக்க வைப்பதால் ஆபத்து மிகுகிறது என்று ஆய்வுகள் காட்டின. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில், குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற எளிய அறிவுரை பரப்பப்பட்டது. பத்தாண்டுகளுக்குள் அத்தகைய இறப்புகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. அதற்கு முன்பிருந்த பெற்றோர் குறைவாக நேசித்தவர்கள் அல்லர்; அவர்களும் இரவில் எழுந்து பார்த்தவர்களே. அவர்களிடம் அன்பு இருந்தது, அறிவு எட்டவில்லை. விதி என்று எண்ணப்பட்டதில் பெரும்பகுதி அறியாமையாக இருந்தது.

இரண்டாவது விடையும் நிற்காது. ஒரு செயலின் மதிப்பு அதன் பலனில் மட்டும் இருக்குமானால், பிழைத்த குழந்தையின் தாய் நல்லவள், இழந்தவள் தவறியவள் என்று ஆகிவிடும். இதைவிடக் கொடிய தீர்ப்பு வேறில்லை. குழந்தையை இழந்த பெற்றோர் பலர், இன்னொரு முறை எழுந்து பார்த்திருக்கலாமோ என்று வாழ்நாள் முழுவதும் தம்மையே வதைத்துக்கொள்கிறார்கள். செயலில் மட்டுமே மனிதனுக்கு உரிமை என்ற கீதையின் போதனை அவர்களுக்கு ஆறுதலாக வந்து சேர வேண்டும். போர்த்திவிட்ட கை தன் தர்மத்தை முழுமையாகச் செய்துவிட்டது. பின்னர் நடந்தது அதன் நிறைவைக் குறைப்பதில்லை.

தாயின் கண் எட்டாத இடம்

எனினும் வினா முடிந்துவிடவில்லை. தாயின் கண் கம்பளிவரை எட்டும், கூரைவரை எட்டும். கூரைக்கு மேலுள்ள மலைச்சரிவை யார் பார்ப்பது?

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹான்ஸ் ஜோனாஸ் 1979இல் வெளியிட்ட தம் நூலில் பொறுப்பு என்பதன் மூலவடிவமாகப் பச்சிளங்குழந்தையையே காட்டுகிறார். அது மூச்சுவிடுவது ஒன்றே போதும். என்னைக் காப்பது உன் கடமை என்று சுற்றியுள்ள உலகத்துக்கு அது ஆணையிடுகிறது என்பது அவர் கருத்து. பெற்றோரின் பொறுப்பையும் ஆட்சியாளரின் பொறுப்பையும் அவர் அருகருகே வைத்து ஆராய்ந்தார். இது பாரதத்துக்குப் புதிய சிந்தனை அன்று. மகாபாரதத்தின் பத்தாம் பருவமான சௌப்திக பருவம் முழுவதும் இதைப் பற்றியதே. நள்ளிரவில் பாசறைக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் மைந்தர் ஐவரையும் அசுவத்தாமன் கொன்றான். உறங்குவோரைத் தாக்குவது அதர்மம் என்று கிருபர் முன்னரே தடுத்துச் சொல்லியிருந்தார். பதினெட்டு நாள் போரில் எத்தனையோ நெறிகள் மீறப்பட்டன. ஆயினும் இந்த ஒரு செயலின் இழிவு தனித்து நிற்கிறது. காரணம் எளிது. உறங்குபவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வேலையை உலகத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கண் மூடுகிறான். அந்த அடைக்கலத்தை ஏற்றவர் அவன் உறவினர் மட்டுமல்லர்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கு வீடும், பணிநேரத்தில் குழந்தைகளுக்குக் காப்பகமும் அமைத்துத் தருவதைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. தாயின் கடமையில் ஒரு பங்கைச் சமுதாயம் ஏற்கிறது என்பதே இத்தகைய சட்டத்தின் தத்துவம். சரிவில் எங்கே குடியிருப்பு அமையலாம் என்று ஆராய்பவரும், மழைமானியைப் படித்து நள்ளிரவில் எச்சரிக்கை விடுப்பவரும், ஒழுகும் கூரையை மாற்றக் கோப்பில் கையெழுத்திடுபவரும் உறங்கும் குழந்தையை எட்டிப் பார்ப்பவர்களே. அவர்களில் ஒருவர் கண்ணயர்ந்தால் தாய் விழித்திருந்தும் பயனில்லை. 2024 ஜூலை 30ஆம் நாள், விடியலுக்கு முந்தைய இருளில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் புதையுண்டபோது இந்தப் பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது.

பெட்டிமுடியில், காணாமற்போன இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைத் தேடிக் குவி என்ற வளர்ப்புநாய் ஆற்றங்கரையில் நாள்கணக்கில் அலைந்தது. ஒரு வாரத்திற்குப் பின் அக்குழந்தையின் உடல் ஆற்றில் கிடைத்ததற்கு அந்த நாயே வழிகாட்டியது. வாயில்லா ஜீவன்கூடத் தன்னால் முடிந்ததுவரை தேடியது.

செய்யத்தக்கதை எல்லாம் செய்த பிறகும் மனிதனின் கைக்கு எட்டாதது மிஞ்சும். இரவில் குழந்தையைப் பார்த்துவிட்டுத் தாய் தானும் படுத்துக் கண்ணை மூடுகிறாள் அல்லவா? அதுவே அவளுடைய சரணாகதி. உறங்காத ஒருவனிடம் குழந்தையையும் தன்னையும் ஒப்படைக்கிறாள். ஆனால் பாயை நகர்த்தி, கம்பளியைப் போர்த்தி, பாதத்தைத் தொட்டுப் பார்த்த பின்னரே ஒப்படைக்கிறாள். அவள் வரிசையை மாற்றுவதில்லை. தன் வீட்டுக் கூரைக்கு அப்பாலும் குழந்தைகள் உறங்குகிறார்கள் என்பதை அறிந்தவனுக்கு, அந்த வரிசையைக் கற்றுக்கொள்வதே சாதனை.