யார் யாரைத் தேடுவது?

திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1950களின் தொடக்கத்தில் தமக்கு இயற்பியல் கற்பித்த அருள்தந்தை சின்னதுரை சே.ச. அவர்களை, முதுமையில் அவர் வாழ்ந்த திண்டுக்கல்லுக்கே சென்று கண்டு வணங்கினார் அப்துல் கலாம். குடியரசுத் தலைவராக விளங்கியவர் மீண்டும் மாணவராகிய அக்காட்சி நம் நெஞ்சை நெகிழ்விக்கிறது.

ஆயினும் எல்லா ஆசிரியர்க்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துசென்று, வாசலூர்பட்டி போன்ற சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் விளையாட்டும் பயிற்றுவித்து ஓய்வுபெற்றவரை யார் தேடி வருவர்? அவருடைய மாணவருள் பலர் இன்று மிளகுத் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருப்பர்.

குணமடைந்த தொழுநோயாளர் பதின்மருள் ஒருவரே ஆண்டவரிடம் திரும்பி வந்தார். ஏனைய ஒன்பதின்மர் எங்கே என்று அவர் வினவினார். ஆனால் அவர்களுக்கு அளித்த நலத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. கற்பித்தலும் அத்தகையதே. நன்றி மாணவரின் கடமை. அதை எதிர்பார்த்துக் காத்திருப்பது ஆசிரியரின் உரிமை அன்று.

மேலும், ஓட்டத்தில் பின்தங்கினான் என்று நாம் அணியில் சேர்க்காது விட்ட சிறுவன், வெட்கத்தாலேயே இன்றுவரை வராதிருக்கலாம். வழிதவறிய ஆட்டைத் தேடிச் சென்றவர் ஆயரே அல்லரோ? எனவே, ஆசிரியப் பணியில் ஓய்வுபெற்ற நாம், உடன் பணியாற்றியோரையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை மலையேறுவோம். அன்று நாம் கண்டுகொள்ளாத அவனை இன்று பெயர் சொல்லி அழைப்போம்.