கூரையுடையாரும் கூரையிலாரும்

பொதுப்பணத்திலிருந்து ஒருவனுக்கு உதவும்போது அவனது தேவையை நோக்குவதா, அன்றி அவ்வுதவியாற் சமூகத்திற்கு விளையும் பயனை நோக்குவதா என்பது அறவியலார் நெடுங்காலம் வாதித்துவரும் வினா. வீட்டுக் கூரையிற் சூரிய மின்தகடுகளையும் பற்றரிகளையும் பொருத்துவோருக்கு அரசுகள் வழங்கும் சலுகைகள் அவ்வினாவைப் புதிய வடிவில் எழுப்பியுள்ளன. அவுஸ்திரேலிய அரசு 2025 ஜூலை முதல் வீட்டுப் பற்றரியின் விலையில் ஏறத்தாழ 30 சதவீதத்தைக் கழிவாக வழங்கத் தொடங்கியது. எஞ்சிய 70 சதவீதத்தைச் செலுத்த வல்லவனே அக்கழிவுக்கு உரியவன் ஆகிறான்.

இலங்கையின் அனுபவம் இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. 2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்ராமய' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. தன் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை விற்கும் வீட்டுக்காரருக்கு முதல் 7 ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும், அடுத்த 13 ஆண்டுகளுக்கு 15 ரூபா 50 சதமும் வழங்கப்படும் என உறுதி கூறப்பட்டது. அக்காலத்து மின்கட்டணமோ ஒருவகைப் பங்கீட்டு நீதியைத் தன்னுள் கொண்டிருந்தது. மாதம் 30 அலகுக்குட்பட்டு நுகர்ந்த வீடு அலகுக்கு 2 ரூபா 50 சதமே செலுத்தியது. 180 அலகைக் கடந்த வீடோ, கடந்த ஒவ்வோர் அலகுக்கும் 45 ரூபா செலுத்தியது. குடிசையின் விளக்கு எரிந்ததில் மாளிகையின் குளிரூட்டிக்கும் பங்கிருந்தது என்பது மிகையன்று.

45 ரூபா செலுத்தியவனுக்கே கூரைத்தகடு பேரிலாபம் தந்தது. அவன் குற்றமேதும் இழைத்தானல்லன். அரசு காட்டிய வழியிற் சென்றான். ஆயினும், அவன் விலகுந்தோறும் குடிசைக்கு உதவிய நிதி சுருங்குகிறது. 2023 பெப்ரவரியில் முதல் 30 அலகுகளின் கட்டணம் அலகுக்கு 30 ரூபாவாக உயர்ந்தமைக்குக் கூரைச் சூரியனைக் காரணங்காட்டுதல் பொருந்தாது. எரிபொருள் விலையும் அந்நியச் செலாவணி நெருக்கடியுமே அதன் முதன்மைக் காரணங்கள். ஆனால் அவ்வுயர்வின் முன் தகடுடையான் ஒருவாறு காப்புற்றிருந்தான், தகடிலான் காப்பின்றி நின்றான் என்பதை மறுத்தலும் இயலாது.

ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட தமது நீதிக் கோட்பாட்டில், ஏற்றத்தாழ்வு மிகத் தாழ்நிலையில் உள்ளோருக்கும் நன்மை பயக்குமாயின் மட்டுமே ஏற்கத்தக்கது என்றார். இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், தகடும் பற்றரியும் ஒரே தீர்ப்பைப் பெறமாட்டா. இலங்கையில் மின்தேவை உச்சமடைவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, அப்பொழுது தகடு உறங்குகிறது. 2025 ஏப்பிரலிற் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடப்பட்டுத் தேவை குன்றவே, கூரைத் தகடுகளைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. நண்பகற் சூரியனை மாலைக்கு எடுத்துச்செல்வது பற்றரி. அது மாலையில் எரிக்கப்படும் டீசலைக் குறைக்குமாயின், அப்பயன் தகடில்லாத வீட்டுக் கட்டணப் பட்டியலையும் எட்டும். ஆதலின் பற்றரிக்கான சலுகையே அறத்தின்பாற்பட்ட வலுமிக்க உரிமையுடையது எனலாம்.

செல்வர் முதலில் வாங்கினாலன்றிப் பொருள் மலிவுறாது என்பர் சிலர். இக்கூற்றில் உண்மையுண்டு. யேர்மனியில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வாடகைக் குடியிருப்பாளர் உட்பட மின்நுகர்வோர் பல ஆண்டுகள் செலுத்திய மேற்கட்டணம் உலகெங்கும் தகட்டின் விலை வீழ்ந்தமைக்கு ஒரு காரணம். அந்த யேர்மன் குடியிருப்பாளனுக்கு இலங்கையின் கூரையுடையார் நன்றிக்கடன் பட்டவர்கள். அவனை நினைப்பார்தாம் இல்லை.

மலிவு மட்டும் போதுமா என்பதே எஞ்சும் ஐயம். மலையகத் தோட்டத்து லயன் அறையில் வாழும் தொழிலாளிக்குக் கூரை உண்டு, அது அவனுடையதன்று. பத்தில் ஒன்பது பங்கை அரசே ஏற்றாலும் தகட்டைப் பொருத்த அவனுக்கு இடமில்லை. தோட்டத்துப் பாடசாலைக் கூரையில் நிறுவப்படும் தகட்டிலும் பற்றரியிலும் அவனுக்கொரு பங்கு எழுதிக்கொடுத்து, அதன் வருவாயை அவனது கட்டணத்திற் கழித்தல் இயலாததன்று. 2016 முதல் கூரையுடையாரோடு அரசு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் 20 ஆண்டுகளுக்கு உரியவை. அவற்றைக் காத்தல் கடமையே. லயன் அறையில் வாழ்வோனோடு அத்தகைய ஒப்பந்தம் எதுவும் எழுதப்படவில்லை.