தாங்குவது வலிமையாகுமா?

இங்கிலாந்தின் வடபகுதியில் கெண்டால் என்னும் ஊர் உள்ளது. 1792ஆம் ஆண்டு முதல் மூக்குப்பொடித் தொழிலுக்குப் பெயர் பெற்ற அவ்வூரில், புகையிலையைக் கயிறுபோல் முறுக்கிச் செய்யும் பழைய முறையும் நெடுங்காலமாக நிலைபெற்று வந்துள்ளது. அக்கயிறு எளிதிற் காய்ந்துபோகாமையால் கடலோடிகள் அதனை விரும்பினர். சுடர் பட்டால் வெடிக்கும் வளி நிறைந்த நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் அதனைப் புகைக்காது மென்றனர். சுங்கான் பிடிப்போர் கத்தியால் வில்லை வில்லையாக அரிந்து, சற்றே உலர்த்தி, விரல்களால் உதிர்த்து நிரப்புவர்.

அதன் கடுமை பெரிது. முதன்முறை சுவைத்துப் பார்ப்பவனுக்குத் தலை சுற்றும், நெற்றி வியர்க்கும், வயிறு குமட்டும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிடினும் தப்ப இயலாது. காரத்தன்மை மிகுந்த அப்புகையிலுள்ள நிக்கோட்டின், வாயின் உட்புறத் தோல் வழியாகவே குருதியிற் கலந்துவிடும். 1828ஆம் ஆண்டில் பொசெல்ட், ரைமன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் புகையிலையினின்று பிரித்தெடுத்த நஞ்சு அதுவே.

இருந்தும், கடுமை மிகுந்தவற்றைத் தேடித் தேடிச் சுவைப்போர் உளர். தலை சுற்றாது புகைத்து முடித்தவனை ஏனையோர் வியந்து நோக்குவர். ஈண்டு ஓர் அறவினா எழுகின்றது: தாங்கிக்கொள்ளும் ஆற்றல் வலிமையாகுமா?

ஆகும் என்பார் கூற்றிலும் பொருள் உண்டு. நீந்தக் கற்பவன் முதல் நாள் மூச்சுத் திணறுகிறான். முதன்முறை மேடையேறும் மாணவன் வியர்த்து நடுங்குகிறான். உடலின் முதல் எதிர்ப்புக்குப் பணிந்திருந்தால் எக்கலையும் கைவந்திராது.

ஆயின், பழக்கத்தின் முடிவில் வளர்வது யாது என்று நோக்குதல் வேண்டும். நீந்தப் பழகியவனிடம் வளர்வது திறன். நீரைக் காணாத நாளில் அவன் துன்புறுவதில்லை. புகைக்கப் பழகியவனிடம் வளர்வதோ தேவை. நேற்று மயக்கிய அளவு இன்று போதாது. கிடைக்காத பொழுது மனம் அலைகிறது. குமட்டல் நின்றமையால் நஞ்சு தோற்றது என்பது பிழை. காவல்நாய் குரைத்து ஓய்ந்தமையால் கள்வன் போய்விட்டான் என்று பொருளாகாது அன்றோ?

சுரங்கத் தொழிலாளியை இகழ்வது முறையன்று. இருளிலும் தூசியிலும் உழைத்தவனுக்கு அது ஓர் ஆறுதல். பெருமைக்காகச் சுவைப்பவனுக்கும் அவனுக்கும் நோக்கம் வேறு. எனினும் புகையிலை நோக்கத்தை அறியாது; புற்றுநோயை விளைவிக்கும் அதன் இயல்பு இருவர்க்கும் ஒன்றே.

தோழர் முன்னிலையில் ‘என்னால் தாங்க முடியும்’ என்று காட்டத் துடிக்கும் இளையோர் எந்நாட்டிலும் உளர். ‘எவ்வளவு தாங்குவாய்?’ என்பதினும் ‘விட வேண்டிய பொழுது விட முடியுமா?’ என்பதே அவர்களிடம் ஆசிரியர் கேட்கத்தக்க வினா. தலை சுற்றத் தொடங்கியதும் சுங்கானைக் கீழே வைத்து எழுந்து செல்பவனைக் கோழை என நண்பர் நகைக்கலாம். அந்நகைப்பை அவன் தாங்கிக்கொள்கிறான். வலிமை என்னும் சொல் அத்தாங்குதலுக்கே பொருந்தும்.