புகழ்ச்சியும் பொறுப்பும்

கொழும்பு–கண்டி நெடுஞ்சாலையில் மாவனல்லையைக் கடந்து கடுகண்ணாவைக் கணவாயை நோக்கி ஏறுவோர், தட்டையான உச்சியுடன் தனித்து நிற்கும் பத்தலேகல மலையைக் காண்பர். அதன் தோற்றத்திலே திருமறை நூலொன்றைக் கண்ட ஆங்கிலேயர், அதனைப் 'பைபிள் ரொக்' என்றனர். இயற்கையை இறைவனின் நூலாக வாசிப்பது கத்தோலிக்க மரபிற்குப் புதிதன்று. அன்றன்றைய புனிதரின் வாழ்வையும், அவர் வாழ்ந்த காலத்தையும், சூழ்ந்திருக்கும் இயற்கையையும் ஒருங்கிணைத்துச் சிந்திப்பது அம்மரபினர் பலரின் நாளாந்த வழக்கம். ஆயின், அம்மலைநாடே சரிந்து மனிதரைப் புதைக்குமாயின், அந்நூலை எங்ஙனம் வாசிப்பது?

இவ்வினா வெறுங் கற்பனையன்று. 2016 மே 17 அன்று, மாவனல்லைக்கு அணித்தான அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அதே நாளில், அதே கேகாலை மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டியவில், களுபஹன தோட்டத்து லயக் காம்பராக்களும் மண்ணுள் அமிழ்ந்தன.

அக்டோபர் 4 புனித பிரான்சிஸ் அசீசியாரின் திருநாள். அவர் 1225ஆம் ஆண்டளவில், நோயுற்று, ஒளியைத் தாங்கவியலாத கண்களோடு கிடந்தபோது இயற்றியது சிருட்டிகளின் கீதம் என்பது மரபு. ஞாயிற்றைச் சகோதரனாகவும் மண்ணைத் தாயாகவும் அது விளிக்கின்றது. இலத்தீனில் அன்றித் தம் அம்பிரிய நாட்டுப் பேச்சு மொழியில் அவர் பாடியமையால், இத்தாலிய இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகின்றது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' என்னும் சுற்றுமடலின் பெயரும் அக்கீதத்திலிருந்து பெறப்பட்டதே.

அக்கீதத்தில் மீண்டும் மீண்டும் வரும் 'பெர்' என்னும் சிறுசொல் அறிஞரிடையே நெடிய விவாதத்திற்கு உரியது. படைப்பின் பொருட்டு இறைவன் புகழப்படுகின்றானா, படைப்பின் ஊடாகவா, அன்றிப் படைப்பினாலேயா? இம்மூன்றிற்கும் அச்சொல் இடந்தரும். தமிழ் பயில்வோர்க்கு இச்சிக்கல் அந்நியமன்று. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பொருள் வகுத்தார் நன்னூலார். 'ஆல்' என்னும் ஓருருபே கருவியையும் கருத்தாவையும் சுட்டவல்லது.

ஈண்டு நாம் நின்று நோக்கவேண்டும். 'மழையால் மாண்டனர்' என எளிதிற் கூறிவிடுகிறோம். அந்த 'ஆல்' மழையைக் கருத்தாவாக்கிவிடின், மனிதர் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஆயின் மழை தூண்டுதல் மட்டுமே. மண்ணைப் பிணித்துநின்ற காடுகள் 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்கும் இறப்பருக்குமாகவும் அழிக்கப்பட்டன. சரிவுகளை வெட்டி வீடுகள் எழுந்தன. நீர் வடியும் வழிகள் அடைபட்டன. லயத்தில் வாழ்வோன் அச்சரிவைத் தானே தெரிந்தெடுத்தவனல்லன். சொந்த நிலமின்மையே அவனை ஆங்கு இருத்தியது.

மரணத்தையும் சகோதரி என்றாரே அசீசியார், ஆதலின் அனைத்தையும் இறைசித்தமென ஏற்றலன்றோ பக்தி, எனச் சிலர் வினவலாம். அவர் அவ்வாறு வரவேற்றது தம் மரணத்தை. தன் சாவை அமைதியுடன் ஏற்பது துறவு. பிறர் சாவை அவர் சார்பில் நாம் அமைதியுடன் ஏற்பது துறவன்று, அலட்சியம். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மறக்கும் தியானம், எத்துணை இனியதாயினும், உண்மையானதன்று.

இவ்வேறுபாட்டை வாழ்ந்து காட்டியவர் ஜனவரி 16இல் நினைவுகூரப்படும் யோசப் வாஸ் அடிகளார். கோவாவிற் பிறந்த அவர் 1687இல் இலங்கை வந்தார். 1692இல் கண்டி இராச்சியத்திற்குட் புகுந்தபோது போர்த்துக்கேய ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, அஞ்சியோர் நோயாளரைக் கைவிட்டு அகன்றனர். அடிகளாரோ அங்கேயே தங்கி, தம் மருகரான குருவானவரோடு, அவர்களைப் பேணினார். நோயையும் இறைவன் அனுப்பினான் எனக் கூறி அவர் கைகட்டி நின்றாரல்லர். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

மலையை நூலென வாசிப்போம், அதிற் குற்றமில்லை. ஆனால் அந்நூலின் அடிவாரத்தில் வாழ்வோரின் பெயர்களும் அதில் எழுதப்பட்டுள்ளன. அவற்றைத் தாண்டிச் சென்று இறைவனின் பெயரை மட்டும் வாசிப்பவன், உண்மையில் அந்நூலை வாசிக்கவேயில்லை.