வெள்ளிக்கிழமைக் குறிப்புகள்

மாங்காய் லாரிகள் மண்டிக்குப் போகும் மாதம். சித்தூரில் இந்த நாட்களில் தெரு அடங்க ராத்திரி ஆகிவிடுகிறது. வாசல் கதவைச் சாத்திவிட்டு வீணை தனம்மாளின் பழைய இசைத்தட்டுப் பதிவைப் போட்டேன். முதலில் கரகரப்பு. மழை ஓட்டில் விழுவதுபோல் அது கொஞ்ச நேரம் போனது. பிறகு உள்ளேயிருந்து ஒரு தந்தி. ஒலியைக் கூட்டக் கை நீண்டது. மடக்கிக்கொண்டேன்.

*

தனம்மாள் 1867இல் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். பாட்டி காமாட்சி தஞ்சை அரண்மனையில் ஆடியவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வீட்டிலேயே வாசிப்பார். ஊரின் பெரிய வித்வான்கள் வந்து தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். விரலில் எதுவும் மாட்டாமல் நகத்தாலேயே மீட்டினார். கூடவே மெல்லப் பாடுவதும் உண்டு. அந்த நாதம் அறைக்கு வெளியே போகாது. கேட்க வேண்டுமானால் கேட்பவர்தான் தம் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு வரிக்குள் வைத்துவிடலாம் என்று இன்று தோன்றுகிறது.

*

என் வீட்டு மூலையிலும் ஒரு வீணை இருக்கிறது. பலாமரம். யாளி முகத்தில் சாயம் உரிந்துவிட்டது. இருபத்து நான்கு மெட்டுகளும் மெழுகின்மேல் நிற்கின்றன. இந்த ஊர் வெயிலுக்கு மெழுகு இளகும்; ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் ஸ்வரம் பிசகிவிடும். அப்புறம் மேளம் கட்டத் தெரிந்தவர் வந்து, மெழுகை இளக்கி, ஒவ்வொரு மெட்டாகக் காதால் பார்த்து நிறுத்த வேண்டும். கண்ணால் அளந்து செய்யக்கூடிய வேலை இல்லை அது.

தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தேன். ஒரே மெட்டில் ஒரு ஸ்வரம் அடுத்ததற்கு வழுக்கிப் போனது. மீட்டியது ஒரு முறைதான். மீதி எல்லாம் தேய்ந்துகொண்டிருக்கும் நாதத்துக்குள் நடந்தது.

*

தனம்மாளுக்கு க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்களைச் சொல்லிக்கொடுத்தவர் வாலாஜாபேட்டை பாலதாஸ். பார்வையற்றவர். ஏட்டைப் பார்த்துப் பாடம் சொல்ல முடியாதவரின் வாயிலிருந்து தனம்மாளின் காதுக்கு வந்த பதங்கள் அவை. முதுமையில் தனம்மாளுக்கும் பார்வை போனது. விரலுக்கு மெட்டுகளின் இடம் தெரிந்திருந்தது, வாசிப்பு நிற்கவில்லை.

1911 வரை வாலாஜாபேட்டையும் சித்தூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம், தலைமையிடம் சித்தூர். எங்கள் நீவா நதி பொன்னையாகிப் பாலாற்றில் கலப்பதும் அந்தப் பக்கம்தான். தெலுங்குப் பதம் வாலாஜா வழியாக ஜார்ஜ் டவுன் போய், ஒரு தமிழ் வீட்டில் மூன்று தலைமுறை தங்கியது. இன்று இரண்டு மொழியும் பேசும் இந்தத் தெருவுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

*

ஜப்பானிலும் இப்படிப் பார்வையின்றி வாசித்த ஒருவர் உண்டு: மியாகி மிச்சியோ, கோட்டோ என்ற தந்தி வாத்தியக் கலைஞர். 1894இல் கோபே நகரில் பிறந்து, எட்டு வயதுவாக்கில் பார்வை இழந்தவர். 1921இல் பதினேழு தந்தி கொண்ட பெரிய கோட்டோ ஒன்றை உருவாக்கினார். அந்த நாட்டில் பார்வையற்ற இசைக்கலைஞர்களுக்கென்றே நூற்றாண்டுகளாக ஒரு சங்கம் இருந்தது. 1871இல் அரசு அதைக் கலைத்தது.

மியாகி தந்திகளைக் கூட்டினார். தனம்மாள் இருந்த ஏழு தந்திகளுக்குள்ளேயே இன்னும் உள்ளே போனார். இரண்டும் விரலால் பார்த்தவர்களின் வேலை.

*

இன்று திருப்பதி போய் வந்தேன். எங்கு நின்றாலும் ஒலிபெருக்கி. அங்கே இசைக் கல்லூரியில் முதல்வராக இருந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை எங்கள் புங்கனூர்க்காரர். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் சீடர். லயத்தில் சிங்கம். அதே நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்கள்தான் தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும். கணக்கும் சவாலுமாக அதிர்ந்த குருவீட்டிலிருந்து பிருந்தா வீட்டுக்குத் திரும்பிப் பாடியபோது, பாட்டியின் நிதானம் அப்படியே இருந்தது. இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி அதே பதங்களை அபிநயத்தில் வைத்தார்.

*

தனம்மாள் 1938 அக்டோபரில் மறைந்தார். கொலம்பியா நிறுவனத்துக்கு 1930களின் தொடக்கத்தில் கொடுத்த பதிவுகள் மிஞ்சின. மாலை முழுக்க வாசித்தவருக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் கிடைத்தது சில நிமிடங்கள். அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

*

மறுபடி வெள்ளி. இன்று ஒலியைப் போன வாரத்தைவிடக் குறைத்து வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். லாரி ஒன்று கடந்து போகும்வரை தந்தி கேட்கவில்லை. போன பிறகு, விட்ட இடத்திலிருந்து இல்லாமல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. நடுவில் போனது போனதுதான். பின்னுக்கு ஓட்டிப் பார்க்கவில்லை. தனம்மாள் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இருமல் வந்த நேரத்தில் போன ஸ்வரம் திரும்பி வந்திருக்காது.